லேபிள் அழிந்துபோன 38 காளான் பொட்டலங்கள்: வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா?

சோலைமழை

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். இரண்டு ஆண்டுகளாகப் பழனிமலையில் காட்டுக் காளான்களைச் சேகரித்து வருகிறேன். கீழே தாண்டிக்குடி, பன்றிமலைக் காப்பித் தோட்டங்கள். மேலே பெருமாள்மலை, கூக்கல் பக்கத்துச் சோலை, அப்புறம் கொடைக்கானலைச் சுற்றியுள்ள பைன் தோப்புகள். காட்டுக்குள் போவதற்கு வனத்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எனக்கு முக்கியமான பருவம். கோடைமழை நன்றாகப் பெய்தால் அதற்குப் பிறகும் பத்து நாள் கிடைக்கும்.

எங்கள் கல்லூரியில் பூக்கும் தாவரங்களுக்கு நல்ல ஹெர்பேரியம், அதாவது காயவைத்த மாதிரிகளின் சேமிப்பு, இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முந்தைய தாள்கூட இலை உதிராமல் இருக்கிறது. காயவைத்த காளான் ஒரு பொட்டலம்கூடக் கிடையாது. பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பார்த்து அகாரிகஸ் படம் வரைந்து மார்க் வாங்குகிறார்கள், மழை விட்ட மறுநாள் மைதானத்தில் முளைப்பதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். அது பொறுக்காமல்தான் ஆரம்பித்தேன்.

இதுவரை 146 பொட்டலம் சேர்ந்திருக்கிறது. போன வாரம் பீரோவைத் திறந்தபோது முதல் வருஷத்துப் பொட்டலங்களில் 38-இன் லேபிள் படிக்க முடியாமல் போயிருந்தது. ஜெல் பேனாவால் எழுதியிருந்தேன். பீரோ நின்ற சுவரில் ஈரம் கசிந்து, மை முழுக்கப் பரவிவிட்டது. அவற்றில் 11 பொட்டலத்தில் வண்டும் விழுந்திருக்கிறது. ஓட்டை ஓட்டையாக, அடியில் மாவு.

குறிப்பேடு பத்திரமாக இருக்கிறது. ஆனால் முதல் வருஷம் ஒவ்வொரு நாளும் 1, 2, 3 என்று புதிதாக எண் போட்டிருக்கிறேன். அதனால் 3 என்ற எண்ணில் மட்டும் ஐந்து பொட்டலம். எந்த 3 எந்த நாளுடையது என்று லேபிள்தான் சொல்ல வேண்டும், லேபிளே இல்லை.

இந்த 38-ஐ என்ன செய்வது? இடமும் தேதியும் இல்லாத மாதிரிக்கு மதிப்பில்லை என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் கூக்கல் சோலையில் ஒரே ஒரு முறை பார்த்த, கரும் ஊதாக் குடையுள்ள சிறிய காளான் ஒன்று இதற்குள்தான் எங்கோ இருக்கிறது. அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இனிமேல் எண், பதிவேடு எல்லாவற்றையும் எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.

---

பழைய பொட்டலம்

அம்மா, ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஹெர்பேரியத்தில் 31 வருஷம் காளான் பீரோக்களைப் பார்த்துக்கொண்டவன் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வண்டு விழுந்த 11. அவற்றை இன்றைக்கே பிரித்து, ஒவ்வொன்றையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். மைனஸ் 20 டிகிரி, ஒரு வாரம். வெளியே எடுத்ததும் கவரைத் திறந்துவிடாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் விட்டு இன்னொரு முறை வையுங்கள். மிளகாய்த்தூளிலும் புகையிலையிலும் விழுகிற அதே சின்னப் பழுப்பு வண்டாகத்தான் இருக்கும், அதற்குக் காய்ந்த காளான் என்றால் விருந்து. பாச்சை உருண்டையை நம்பி இருக்காதீர்கள். காளானுக்குள் போய்விட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது, அந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்கிற உங்கள் மூச்சுக்குத்தான் கேடு. மிச்சம் 135-ஐயும் ஒரு சுற்று ஃபிரீசரில் வைத்து எடுத்த பிறகே பீரோவில் அடுக்குங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.

இனி அந்த 38. நீங்கள் பறித்த அன்று செல்போனில் படம் எடுத்திருப்பீர்கள் இல்லையா? அந்தப் படங்களைத் தேடுங்கள். படத்தின் விவரத்தில் தேதி, நேரம் இருக்கும், இருப்பிடம் காட்டும் வசதி இயங்கியிருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். போனிலிருந்து நேராக எடுத்த மூலப் படம்தான் வேண்டும். வாட்ஸப்பில் யாருக்கோ அனுப்பித் திரும்ப வாங்கிய படத்தில் அந்த விவரம் இருக்காது. படங்களை நேர வரிசைப்படி அடுக்கிக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டால் “இந்த நாளில் மூன்றாவதாக எடுத்தது இது” என்று பாதிக்கு மேல் பிடித்துவிடலாம். பொட்டலத்துக்குள் இருப்பதன் அளவு, காம்பின் அடி, ஒட்டியிருக்கும் மண், மரப்பட்டைத் துண்டு, பைன் ஊசி எல்லாமே சாட்சி. அடியில் பைன் ஊசி ஒட்டியிருந்தால் அது நிச்சயம் தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துக் காளான் அல்ல.

இப்படிக் கண்டுபிடித்ததைப் புது லேபிளில் எழுதும்போது, இது பிற்பாடு ஊகித்து எழுதியது, எதை வைத்து ஊகித்தேன், எந்தத் தேதியில் எழுதினேன் என்று சேர்த்து எழுதுங்கள். பழைய லேபிள் எவ்வளவு அழிந்திருந்தாலும் அதே பொட்டலத்துக்குள் இருக்க வேண்டும். 50 வருஷம் கழித்து ஒருவர் அதைப் பார்த்து, நாம் ஊகித்தது சரியா தப்பா என்று தானே முடிவு செய்யட்டும். படத்தோடும் சேராமல், குறிப்போடும் சேராமல் நிற்பவை சில மிஞ்சும். அவற்றைப் பிள்ளைகள் அறுத்துப் பார்ப்பதற்கு வகுப்புப் பெட்டியில் வையுங்கள், பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.

எண் விஷயத்தில் சட்டம் ஒன்றுதான். உங்கள் பெயரில் ஒரே வரிசை, 1-இல் தொடங்கி உங்கள் காலம் உள்ளவரை போக வேண்டும். வருஷம் மாறினால் மாறாது, ஊர் மாறினாலும் மாறாது. ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்த மாதிரி அழுகிப் போனாலும், இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பறித்த இடத்திலேயே எண்ணைச் சின்னத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். அந்தத் தாள் படத்திலும் விழ வேண்டும், கூடையிலும் கூடவே வர வேண்டும், உலர்த்தியிலும் கூடவே காய வேண்டும், கடைசியில் பொட்டலத்துக்குள்ளும் போக வேண்டும். ஸ்போர் பிரிண்ட் (குடையிலிருந்து உதிரும் ஸ்போர், அதாவது விதைத்தூள், தாளில் பதியும் தடம்), நுண்ணோக்கிக்கான ஸ்லைடு, டிஎன்ஏவுக்கு எடுத்த துண்டு எல்லாவற்றிலும் அதே எண். ஹெர்பேரியம் தன் பதிவேட்டில் தரும் எண் வேறு. அது பிற்பாடு வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பூச்செடியை அழுத்திக் காயவைத்தால் பாதி உருவமாவது அப்படியே நிற்கும். காளான் அப்படி இல்லை. காய்ந்த பிறகு நிறம் போகும், வாசம் போகும், குடையின் வழவழப்பு போகும், செவுள் (குடையின் அடியில் இருக்கும் மெல்லிய தகடுகள்) காம்பைத் தொட்டதா விலகியதா என்பதுகூடத் தெரியாமல் சுருங்கிவிடும். லாக்டேரியஸ் என்ற காளானை வெட்டியதும் வடிகிற பால் எந்த நிறம், காற்றுப் பட்டு மாறியதா என்பதைக் காய்ந்த துண்டு ஒருநாளும் சொல்லாது. பொலீட்டஸ் வகைகளில் சில, வெட்டிய சில நொடியில் நீலமாகும், அதைப் பார்த்தவர் எழுதினால்தான் உண்டு. மிஞ்சுவது ஸ்போர், திசு, டிஎன்ஏ. அதனால் காளான் ஹெர்பேரியத்தில் பாதி மாதிரி பொட்டலத்தில் இருக்கிறது, மறு பாதி குறிப்பில் இருக்கிறது. குறிப்பைப் பறித்த அன்று சாயங்காலத்துக்குள் எழுதிவிட வேண்டும், மறுநாள் என்றால் வேறு காளானைப் பார்த்து எழுதுவது போலத்தான்.

இதற்கு நம் பக்கத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கை பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து அதன் தலைவர் த்வெய்ட்ஸ் அனுப்பிய காளான்களை பெர்க்லி, ப்ரூம் என்ற பூஞ்சையியலாளர்கள் இங்கிலாந்தில் உட்கார்ந்து விவரித்துப் பெயர் வைத்தார்கள். பிறகு பெட்ச் என்ற பூஞ்சையியலாளர் பேராதனையிலேயே பல வருஷம் தங்கி, உயிரோடு பறித்து ஒப்பிட்டு, அந்தப் பெயர்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். அந்த வேலையைப் படிக்கும்போதெல்லாம் முதலில் பறித்தவர் இன்னும் நாலு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றும். அதே சமயம், அந்தக் காய்ந்த துண்டுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் திருத்தவே முடிந்தது. அதற்காகவும்தான் உங்கள் 38-ஐத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன்.

ஸ்போர் பிரிண்டை விடவே கூடாது. குடையை வெட்டி, செவுள் கீழே பார்க்கும்படி தாளில் கவிழ்த்து, மேலே ஒரு கிண்ணத்தை மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். பாதி வெள்ளைத் தாள், பாதி கறுப்புத் தாளாக இருந்தால் வெள்ளை ஸ்போரும் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கல்லூரி மைதானத்தில் மழைக்குப் பிறகு பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு வட்டமாக முளைக்குமே, அதை ஒருமுறை இப்படிக் கவிழ்த்துப் பாருங்கள். இளசில் செவுள் வெள்ளையாக இருக்கும், தாளில் விழுவதோ பச்சை. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். பிள்ளைகளுக்கு நீங்கள் வேறு எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம், அந்தப் பச்சைத் தாளைக் காட்டுங்கள்.

காயவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 40 முதல் 45 டிகிரி, காற்றோட்டம், ஒரு ராத்திரி ஒரு பகல். வெங்காயம், பழம் காயவைக்க விற்கிற மின் உலர்த்தியே போதும். பெரியதை நீளவாக்கில் இரண்டாக, நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். சூட்டைக் கூட்டினால் வெந்துவிடும். அப்பளம் போலச் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. எடுத்தவுடனே சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவருக்குள் போய்விட வேண்டும், மலைக்காற்றில் அரை மணி நேரம் வெளியே கிடந்தால் மறுபடி துவண்டுவிடும். மைக்காளான் வகைகளைப் பறித்த அன்றே உலர்த்தியில் வையுங்கள், காத்திருந்தால் காலையில் கறுப்புத் தண்ணீர்தான் இருக்கும்.

பதிவேட்டில் பெயர்ப் பத்தி காலியாக இருந்தால் கவலைப்படாதீர்கள். பேரினம் மட்டும் தெரிந்தால் அது போதும், அதுவும் தெரியாவிட்டால் காலியாகவே விடுங்கள். ஊகித்த பெயரை உறுதிபோல எழுதி வைப்பதுதான் பின்னால் வருகிறவரைக் கெடுக்கும். யாராவது பிறகு பெயரைத் திருத்தினால் பழையதை அடிக்காமல் புதுச் சீட்டு ஒன்றை, திருத்தியவர் பெயரும் தேதியும் போட்டு, கூடவே வையுங்கள்.

---

காப்பித்தோட்டம்

டீச்சர், நான் கீழ்ப்பழனிக்காரன். காப்பி, மிளகு, நடுவில் சில்வர் ஓக். படிப்பு அவ்வளவாக இல்லை, ஆனால் காளான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

புற்றுக்காளானைப் பலரும் தரை மட்டத்தில் ஒடித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். சமைக்க அது சரி, ஹெர்பேரியத்துக்கு ஆகாது. அதன் காம்பு மண்ணுக்குள் வேர் மாதிரி இறங்கிக்கொண்டே போய், கறையான் கூட்டில்தான் முடியும். எங்கள் அப்பாவோடு ஒருமுறை தோண்டியபோது முழங்கை நீளத்துக்கு மேல் போனது. அந்த வேர்க்காம்பு இல்லாமல் எடுத்துவைத்தால் புற்றுக்காளான் என்பதற்கான முக்கிய அடையாளம் போய்விடும். கத்தியால் சுற்றிலும் தோண்டி எடுங்கள், எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதுங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள், அடுத்த வருஷமும் அதே இடத்தில் வரும்.

அப்புறம் பெயர். எங்கள் வீட்டில் பெரியதைப் புற்றுக்காளான் என்போம், சின்னச் சின்னதாகத் தரை வெளுக்க முளைப்பதை அரிசிக்காளான் என்போம், சாப்பிடக் கூடாதது எல்லாமே நாய்க்குடை. எங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பளியர் பழங்குடி வீட்டுப் பெரியம்மா ஒருவர், நாங்கள் ஒரே பெயர் சொல்கிற மூன்றை வேறு வேறு பெயர் சொல்லிப் பிரிப்பார். எந்த மழைக்கு எது வரும், எந்த மரத்தடியில் வரும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் பதிவேட்டில் ஊர்ப்பெயருக்கு ஒரு பத்தி வையுங்கள். அவர்கள் வாயால் சொன்ன ஒலியை அப்படியே தமிழில் எழுதுங்கள், புத்தகத் தமிழாகத் திருத்த வேண்டாம். எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் அவர்கள் சரி என்றால் மட்டும் போடுங்கள்.

---

லென்ஸ்40

மேடம், நான் பூஞ்சையியலில் ஆராய்ச்சி மாணவன். சார் எல்லாமே சொல்லிவிட்டார், நுண்ணோக்கிப் பக்கம் மட்டும் சேர்க்கிறேன்.

காய்ந்த செவுள் துண்டு ஒன்றை 3 முதல் 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டால் ஊறி விரிந்துவிடும், அதில் காங்கோ ரெட் சாயம் ஏற்றிப் பார்க்கலாம். லேபிள் இல்லாத பொட்டலங்களில்கூட இது முடியும். ஒரு மாதிரிக்கு குறைந்தது 20 ஸ்போராவது அளந்து சிறியது, பெரியது, சராசரி மூன்றையும் எழுதுங்கள். அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் ஸ்போர் நீலக்கறுப்பாக மாறுகிறதா என்று பாருங்கள். ருசுலா, லாக்டேரியஸ் இரண்டிலும் ஸ்போரின் மேலுள்ள முள்ளும் வரிப்பின்னலும் அந்தக் கரைசலில்தான் பளிச்சென்று தெரியும். அந்த ஊதாக் காளானை அடையாளம் காண இது உதவலாம்.

டிஎன்ஏவுக்கு, உலர்த்தியில் வைப்பதற்கு முன்பே செவுளில் அரிசி அளவு ஒரு துண்டை எடுத்துச் சின்னக் குப்பியில் சிலிக்கா ஜெல்லோடு தனியே வைத்துவிடுங்கள். பூஞ்சைகளுக்கு டிஎன்ஏவில் ஐடிஎஸ் என்ற பகுதியின் எழுத்து வரிசையைத்தான் பொதுவாகப் படிக்கிறோம். அந்த வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது உங்கள் ஹெர்பேரிய எண்ணைக் கேட்பார்கள். காட்டுவதற்கு மாதிரி இல்லையென்றால் அந்த வரிசையைச் சரிபார்க்க வழியே இல்லை.

ஒருவேளை புது இனமாக இருந்தால் பெயர் வைக்க மூல மாதிரி ஒன்றை அங்கீகாரமுள்ள ஹெர்பேரியத்தில் வைத்திருக்க வேண்டும். 2013 முதல் மைக்கோபேங்க் போன்ற பூஞ்சைப் பெயர்ப் பதிவகத்தில் எண் வாங்குவதும் கட்டாயம். தென்னிந்தியப் புற்றுக்காளான்களில் ஒன்றான டெர்மிட்டோமைசஸ் ஹெய்மியை 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன்தான் முதலில் விவரித்தார். காப்பித்தோட்டம் அண்ணன் தோண்டியது அதுவாகவும் இருக்கலாம், ஆனால் மாதிரியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கல்லூரியில் வைத்து, இன்னொன்றைப் பெரிய ஹெர்பேரியம் ஒன்றுக்கு அனுப்பிவிடுங்கள்.

---

சோலைமழை

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஆயிற்று. ஐயா சொன்னபடியே செய்தேன்.

பழைய போனை மேசை டிராயரிலிருந்து தேடி எடுத்து, அதில் இருந்த 600-க்கும் மேற்பட்ட படங்களைக் கணினிக்கு மாற்றி நேர வரிசையில் அடுக்கினேன். 38-இல் 24 பொட்டலம் பிடிபட்டுவிட்டது. இன்னும் 5-க்கு நாள் தெரிகிறது, எந்த இடம் என்று உறுதியில்லை, அதை அப்படியே எழுதிவிட்டேன். ஒன்பதை வகுப்புப் பெட்டிக்கு மாற்றினேன். அவற்றில் ஆறு வண்டு தின்றவை. எல்லாப் பொட்டலமும் ஒரு சுற்று ஃபிரீசரில் இருந்து வந்துவிட்டன.

ஊதாக் காளான் கிடைத்துவிட்டது ஐயா. படத்தில் அதன் பக்கத்தில் என் பச்சை மழைக்குடையின் நுனி விழுந்திருக்கிறது, அதை வைத்துத்தான் அந்த நாளைப் பிடித்தேன். குறிப்பேட்டில் “முள்ளங்கி வாசம்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். இப்போது முகர்ந்தால் ஒரு வாசமும் இல்லை. செவுளின் நிறத்தை எழுதவில்லை, படமும் மேலிருந்து எடுத்தது, அதில் செவுள் தெரியவில்லை. அதுதான் வருத்தம்.

காப்பித்தோட்டம் அண்ணா, அந்தப் பெரியம்மாவைப் பார்க்க வர வேண்டும். அவர் சம்மதித்தால் மாணவர்களில் இரண்டு பேரையும் கூடவே கூட்டி வருகிறேன்.

147 முதல் புது வரிசை தொடங்குகிறேன். பழைய 146-க்கும் 1 முதல் 146 வரை எண் கொடுத்து, முன்பு இருந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஊதாக் காளானின் புது லேபிள் இது, சரியா பாருங்கள்:

எண் 61. பெயர் காலி. கூக்கல் அருகே, பழனிமலை, திண்டுக்கல் மாவட்டம். ஏறத்தாழ 1,900 மீட்டர். நவம்பர் இரண்டாம் வாரம், பிற்பகல். இலைச்சருகின் மேல், இரண்டு காளான். குடை கரும் ஊதா, 2 செ.மீ. முள்ளங்கி வாசம். இடமும் வாரமும் செல்போன் படத்தை வைத்துப் பிற்பாடு எழுதியது.

---

பழைய பொட்டலம்

மிகவும் சந்தோஷம் அம்மா. 29 பொட்டலத்தை மீட்டது சின்ன வேலை இல்லை.

லேபிளில் நாலு விஷயம். படம் கையில் இருக்கும்போது வாரம் என்று ஏன் போட வேண்டும், சரியான தேதியையும் வருஷத்தையும் எழுதுங்கள். சேகரித்தவர் என்று உங்கள் பெயரையும், வனத்துறை அனுமதிக் கடிதத்தின் எண்ணையும் சேருங்கள். “கூக்கல் அருகே” என்றால் ஏரிக்கரையா, சோலைக்குள்ளா, எந்தத் திசையில் எவ்வளவு தூரம்? சருகு எந்த மரத்துடையது? பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் இலைத்துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பூச்செடி ஹெர்பேரியம் உங்கள் பக்கத்து அறையில்தானே இருக்கிறது, அந்தத் துண்டை எடுத்துப் போய் சோலை மரத் தாள்களோடு வைத்துப் பாருங்கள். மரம் தெரிந்துவிட்டால், வரும் ஐப்பசியில் அந்த மரத்தடிக்கே போய் செவுளைப் பார்த்துவிடலாம்.